பூதலிங்கம் வீட்டு அவியல்

நாகர்கோவிலில் பஸ் ஏறிக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கொன்னடிவிளையைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டிப் போனவர்கள் பாக்கியவான்கள். கண்ணயராமல் இறங்கியவர்கள், கால்வாய்ப் பாலத்தைக் கடந்ததும் முதலில் பார்ப்பது பூதலிங்கத்தின் வீட்டைத்தான்.

ஆண் பிள்ளைகளில் பூதலிங்கம் மூத்தவன். அவனுக்கு மூன்று தம்பிமார்: தாணுமாலயன், மூக்காண்டி, நயினார். நாலு பேருமாகச் சேர்ந்து பந்தல் சாமான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் நாற்காலி அவர்களுடையது, அண்டா அவர்களுடையது, கரண்டி அவர்களுடையது. அந்த அண்டாவுக்குள் கரண்டியை விட்டு என்ன செய்வார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடுதான்.

நல்ல பிள்ளைகள். பொய் கிடையாது, சூது கிடையாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். ஊரில் அவர்களிடம் எதையும் சொல்ல எல்லாரும் பயந்ததற்கு அதுதான் காரணம்.

பூதலிங்கத்துக்கு முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. போன வருஷம் ஓர் இடம் கிட்டத்தட்ட முடிந்து வந்தது. பெண்ணின் தாய்மாமன், "மாப்பிள்ளை வந்ததில இருந்து கம்முன்னு இருக்காரே, வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றார். பூதலிங்கம் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடாமல் இரண்டு வார்த்தை பேச அவன் பட்ட பாட்டைப் பார்த்த பெண் வீட்டார், வலிப்பு என்று நினைத்து அவன் கையில் ஓர் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் இப்போது வந்திருக்கும் இடத்தைப் பூதலிங்கம் உயிராய்ப் பிடித்துக்கொண்டிருந்தான். பெண் பெயர் ஆவுடைச்செல்வி. அவள் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். குளிக்கப் போனாலும் சட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டே குளித்தான்.

வள்ளியூரில் வாழ்க்கைப்பட்ட அக்காள் பகவதிதான் இந்தச் சம்பந்தத்தைப் பேசியவள். பெண்ணின் அப்பா கோலப்பன் ஒரு மாதிரியான ஆள். ஓட்டல் வாசலைக் கூட மிதிக்காதவர். அந்தந்த மாதம் விளைகிற காயை அன்றன்றைக்கு வாங்கி வீட்டில் சமைக்கிற குடும்பத்துக்குத்தான் மகளைக் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவரும் மகளும் நாளை மத்தியானம் வீடு பார்க்க வருகிறார்கள். பகவதி வந்து சமைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

விடிந்தால் விருந்து. சாயங்காலம் பகவதி போன் செய்தாள். மாமியாருக்கு அனல் பறக்கும் காய்ச்சல், நகர முடியாது என்றாள்.

"எலே பூதம், பயப்படாத. நான் சொல்லுத மாதிரி அப்படியே செய்யி. அவியலும் சோறும் ஒரு ரசமும் போதும். காலையில சந்தைக்குப் போ. எல்லாம் பச்சையா இருக்கணும். முத்தல் வேண்டாம். சீசன் காயாப் பாத்து வாங்கு. வெண்டைக்காயை ஒடிச்சுப் பாத்து வாங்கு. கேட்டியா?"

"கேட்டேன்க்கா. அப்படியே செய்யுதோம்" என்றான் பூதலிங்கம்.

அப்படியே செய்வான் என்பதுதான் பகவதிக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் நாலு பேரும் குளித்து, திருநீறு பூசி, ஆளுக்கொரு பையோடு சந்தைக்குப் போனார்கள். போகிற வழியிலேயே தாணுவுக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, அக்கா சீசன் காய்னுதானே சொன்னா?"

"ஆமா."

"சீசன் குத்தாலத்துலல்லா? இங்க எங்க இருக்கு?"

நாலு பேரும் நடுரோட்டில் நின்றுவிட்டார்கள். ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி அருவியில் கூட்டம் அலைமோதுகிறது என்று அன்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். குற்றாலம் போய்த் திரும்ப மத்தியானத்துக்குள் முடியாது.

கடைசியில் காய்க்கடை பாக்கியத்தாய்தான் தீர்த்து வைத்தாள். "குத்தாலத்துல தண்ணிதான்யா விழும், காயா விழும்? இப்ப மாங்கா சீசன், வாங்கிட்டுப் போங்க."

"தண்ணிதான் விழும்" என்று அவள் சொன்னதில் இருந்த நியாயத்தை நாலு பேரும் ஒப்புக்கொண்டார்கள். மாங்காய் வாங்கினார்கள்.

"தக்காளி எடுத்துக்கோங்க தம்பி. பச்சையா இருக்கு, இப்பத்தான் வந்து இறங்கிச்சு."

நாலு பேரும் குனிந்து தக்காளியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம்" என்றான் மூக்காண்டி மெதுவாக. "சிவப்பைப் பச்சைங்கா."

பூதலிங்கம் அவள் மனம் நோகாமல் சொன்னான்: "யக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல கண்ணு பரிசோதனை இருக்கு. ஒரு எட்டு போயிட்டு வாங்க."

தக்காளி வாங்கவில்லை. காரட்டைத் தொடவே இல்லை. சேனைக்கிழங்கைத் தாணு சுரண்டிப் பார்த்தான், உள்ளேயும் பச்சை இல்லை. வாழைக்காய், புடலங்காய், கொத்தவரங்காய், மாங்காய் எல்லாம் தேறின. கத்தரிக்காயில் காம்பு மட்டும் பச்சையாக இருந்ததால் காம்பை மட்டும் கேட்டார்கள். பாக்கியத்தாய் கொடுக்கவில்லை.

அடுத்து வெண்டைக்காய். அக்காள் ஒடித்துப் பார்க்கச் சொன்னாள். நயினார் ஒன்றை எடுத்து ஒடித்தான். டப்பென்று ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எப்படி நம்புவது? நாலு பேரும் உட்கார்ந்து ஒடித்தார்கள். பாக்கியத்தாய் பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது கூடை முழுவதும் ஒடிந்து கிடந்தது.

"எல்லாம் ஒடிஞ்சிருக்கே" என்றான் பூதலிங்கம் முகத்தைச் சுளித்து. "ஒடியாதது இருந்தாக் காட்டுங்க, வாங்கிக்கிடுதோம்."

அதற்குப் பிறகு பாக்கியத்தாய் சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல. கூடை வெண்டைக்காயும் பூதலிங்கம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் போனை அம்மிமேல் சாத்தி வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டார்கள். பகவதி அந்தப் பக்கம் மாமியாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே சொன்னாள், இந்தப் பக்கம் நாலு பேரும் கைகட்டி நின்று கேட்டார்கள்.

"அவியலுக்குக் காயெல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கணும்."

போன் பக்கம் இருந்து நாலு பேரும் விலகி வந்தார்கள். இது லேசான விஷயம் இல்லை.

"யாரு விரலு?" என்றான் தாணு.

"வீட்டுக்கு மூத்தவரு விரலு" என்றான் மூக்காண்டி.

"சாப்பிடப் போறது கோலப்பன் மாமா. அவரு விரலுதான் கணக்கு" என்றான் நயினார். "துணி தைக்கப் போனா டெய்லரு விரலையா அளக்கான்?"

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ஆனால் கோலப்பனின் விரல் பாதி வழியில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அக்காளிடமே கேட்டார்கள். "உன் விரல்தாம்லே! எனக்கு இங்க ஆயிரம் வேலை இருக்கு" என்று அவள் கத்தினாள்.

பூதலிங்கம் பலகையில் புடலங்காயைப் படுக்க வைத்து, பக்கத்தில் தன் ஆள்காட்டி விரலையும் படுக்க வைத்தான். தாணு கத்தியை ஓங்கினான். காய் அளவாக வந்தது. பூதலிங்கத்தின் நகம் கொஞ்சம் குறைந்தது. அடுத்த துண்டுக்கு விரல் நீளம் குறைந்துவிட்டதே என்று தாணு கவலைப்பட்டான்.

"வாழைக்காயை நறுக்குனதும் தண்ணியில போட்டுரு. இல்லைன்னா கறுத்துரும்" என்றாள் பகவதி.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நயினார் வேகமான பையன். துண்டு துண்டாக நறுக்கி நறுக்கிக் கால்வாயில் போட்டான். வாழைக்காய்த் துண்டுகள் வரிசையாகப் பாலத்தை நோக்கிப் போயின.

"அண்ணே, காயி போகுது!" என்று அலறினான் மூக்காண்டி.

பூதலிங்கம் ஓடி வந்து கரையில் நின்று உற்றுப் பார்த்தான். மனம் பதறத்தான் செய்தது. ஆனால் அக்காள் சொன்னது பொய்யாகவில்லை.

"போனாலும் கறுக்காமத்தாம்லே போகுது" என்றான்.

தேங்காய் விஷயத்தில்தான் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிடும் போலிருந்தது. "தேங்காயை ரொம்ப மையா அரைக்காத. ஒண்ணு ரெண்டா அரை" என்றாள் பகவதி.

"ஒண்ணா, ரெண்டா?" என்றான் தாணு.

"ரெண்டும் சொன்னா" என்றான் மூக்காண்டி.

"ஒண்ணை அரைச்சா ரெண்டுன்னு சொன்னது வீணாப் போகும். ரெண்டை அரைச்சா ஒண்ணுன்னு சொன்னது வீணாப் போகும். அக்கா சொல்லு எதுவுமே வீணாப் போகக்கூடாது."

முதலில் ஒன்றை அரைத்தார்கள். பிறகு இரண்டை அரைத்தார்கள். மிக்சி மூடியைத் தூக்கிக்கொண்டு தேங்காய் வெளியே வந்தது.

குக்கரில் அரிசியை வைத்து, மூன்று விசில் வந்ததும் இறக்கச் சொன்னாள். மூக்காண்டி சம்மணமிட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். பாலத்தடியில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஒரு விசில் அடித்தார். யாரோ ஓடி வரவும் இன்னொரு விசில். ஏறினதும் மூன்றாவது.

"இறக்கு!" என்றான் மூக்காண்டி.

"மூணாவது விசில் கொஞ்சம் தூரத்துல கேட்டுதே?" என்றான் பூதலிங்கம் யோசனையாக.

"பஸ்சு கிளம்பிட்டுல்லா அண்ணே."

குக்கரைத் திறந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் அரிசி அப்படியே கிடந்தது. பூதலிங்கம் கரண்டியால் அள்ளிப் பார்த்தான். ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

"நல்லா உதிரியா வந்திருக்கு" என்று தம்பியைத் தட்டிக் கொடுத்தான்.

பகவதியின் மாமியார் அந்தப் பக்கம் முனக ஆரம்பித்தாள். பகவதிக்கு அவசரம். "பூதம், நான் வைக்கேன். அவியல் காய் வேகும்போது அடுப்பைச் சிம்ல வச்சிரு. ரசத்துக்குக் கடுகு போட்டு, வெடிச்சதும் கறிவேப்பிலை போடு. சந்தேகம்னா போன் பண்ணு."

போன் நின்றது. நாலு பேரும் அடுப்பைப் பார்த்தார்கள்.

அடுப்பைச் சிம்மில் வைக்க வேண்டும். பூதலிங்கம் ஊக்கால் குத்தித் தன் போனில் இருந்து சிம்மை எடுத்தான். நகத்தளவு இருந்தது. கேஸ் அடுப்போ பெரியது.

"அடுப்புக்குக் காலு நாலு இருக்கு. இது ஒண்ணை எந்தக் காலுக்கு வைக்க?" என்றான்.

தாணு சிரித்தான். அறிவு வேலை செய்யும்போது அவனுக்கு அப்படிச் சிரிப்பு வரும். "நாமளும் நாலு பேருதானே அண்ணே?"

நாலு போனில் இருந்தும் நாலு சிம்மை எடுத்தார்கள். இரண்டு பேர் அடுப்பைத் தூக்க, இரண்டு பேர் கால்களுக்கு அடியில் சிம்மைச் சொருகினார்கள். அடுப்பு ஆடாமல் நின்றது. ஆண்டவன் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் நாலு பேராகப் படைத்திருக்கிறான் என்று பூதலிங்கத்துக்குத் தோன்றி, கண் கலங்கிவிட்டது.

காய்ச் சட்டியை ஓர் அடுப்பில் ஏற்றி, மற்றதில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக் கடுகையும் போட்ட பிறகுதான், மூக்காண்டி கேட்டான்: "அண்ணே, வெடிக்கும்னு சொன்னாளே, பெருசா வெடிக்குமா?"

பூதலிங்கம் அக்காளிடம் கேட்டுவிடலாம் என்று போன் செய்தான். போகவில்லை. தாணுவின் போனிலும் போகவில்லை. நாலு போனிலும் போகவில்லை.

"மாமியாரு பக்கத்துல இருந்தாலே அக்கா இப்படித்தான்" என்றான் நயினார்.

உயிர் விஷயம். அடுப்பை எரியவிட்டு நாலு பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். பூதலிங்கம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டான். வாடகைக்கு விடும் மாப்பிள்ளை அழைப்புக் குடை ஒன்று இருந்தது, சுற்றிலும் ஜரிகை தொங்கும். அதை விரித்துத் தம்பிமார் கீழே ஒண்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் தகவல் சொல்லி, குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னான் மூக்காண்டி.

அந்த நேரத்தில்தான் கோலப்பனும் ஆவுடைச்செல்வியும் பாலத்தைக் கடந்து வந்தார்கள். பாலத்துத் தூணில் சிக்கிக் கிடந்த வாழைக்காய்த் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்த கோலப்பன், ஹெல்மெட்டோடு நின்ற மாப்பிள்ளையையும் பின்னால் வீட்டுக்குள் கிளம்பிய புகையையும் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, வீட்டுல தீயா?"

"இல்ல மாமா. கடுகு வெடிக்கப் போகுது. வாங்க, குடைக்குள்ள வாங்க."

கோலப்பன் தைரியசாலி இல்லை. குடைக்குள் போய்விட்டார்.

ஆவுடைச்செல்வி போகவில்லை. நேரே அடுக்களைக்குள் நடந்தாள். "ஐயோ, உள்ள போகாதீங்க!" என்று பூதலிங்கம் கத்தினான். அவன் ஆசைப்பட்ட ஒருத்தி கடுகுக்குப் பலியாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. அவளா, தன் உயிரா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

கடுகு கரியாகிக் கிடந்தது. அவள் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தேங்காய் சுவரில் இருந்தது. அரிசி குளித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு அடியில் என்னவோ மினுங்க, குனிந்து எடுத்தாள்.

"இது என்ன?"

"சிம்மு" என்றான் பூதலிங்கம். ஹெல்மெட்டுக்குள் இருந்து குரல் அடங்கி வந்தது. "அக்கா சிம்ல வைக்கச் சொன்னா."

"வாழைக்காய் ஏன் கால்வாயில கிடக்கு?"

"தண்ணியில போடச் சொன்னா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவியலுக்கு உப்பு பாத்தீங்களா?"

"பாத்தேன். டப்பாவுல முக்கால்வாசி இருக்கு."

அவ்வளவுதான். ஆவுடைச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்து பூதலிங்கம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவள் நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க" என்றாள். உடனே கழற்றினான். "மிச்சக் காயை அந்த மஞ்சள் சட்டியில போடுங்க." போட்டான். "அடுப்பைப் பத்த வச்சு, அந்தத் திருகைப் பாதி மட்டும் இடப் பக்கமாத் திருப்புங்க." திருப்பினான். "நான் நிறுத்துன்னு சொல்லுத வரைக்கும் கிண்டுங்க." கிண்டினான். உட்கார்ந்த இடத்தில் இருந்தே, ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வராதபடி அவள் சொல்லச் சொல்ல, புடலங்காயும் மாங்காயும் வெந்து, சுவரில் ஒட்டாமல் மிக்சியில் தங்கிய தேங்காய் கலந்து, தேங்காய் எண்ணெய் மணத்தோடு ஓர் அவியல் உருவாகிவிட்டது. சோறும் வெந்தது. இந்தத் தடவை மூக்காண்டியின் காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

வாசம் வந்ததும் கோலப்பன் குடையை விட்டு உள்ளே வந்தார். மகளை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஆவுட, வா போயிருவோம். நாலும் ஒரு மாதிரியா இருக்கு."

"எனக்குச் சம்மதம்பா."

"என்ன சொல்லுத?"

"நம்ம வீட்டுல நீங்களும் அண்ணனும் நான் சொன்ன ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கீங்களா? கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்கன்னா வெத்தலையோட வருவீங்க. இவங்க அக்கா சொன்னதுல ஒரு எழுத்தைக் கூட இவரு மீறல. கடுகு வெடிக்கும்னு நம்பிக்கிட்டே எனக்காக உள்ள ஓடி வந்தாரு. இப்படி ஒரு ஆம்பிளையை இனி எங்க போயித் தேட?"

கோலப்பன் நெடுநேரம் மோவாயைத் தடவினார். அவியலின் வாசம் வேறு அவரை யோசிக்கவிடவில்லை. கடைசியில் கூடத்துக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிடிக்காத வீட்டுல கை நனைக்க மாட்டோம். எங்களுக்கு உங்க குடும்பத்தைப் பிடிச்சுப் போச்சு. அதனால கை நனைச்சிருவோம்."

பூதலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பிமாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். மூன்று பேரும் கிணற்றடிக்குப் பறந்தார்கள்.

இலை போடுவார்கள் என்று கோலப்பன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு வாளி தண்ணீர் வந்தது. தாணு அவர் வலது கையைப் பக்குவமாகப் பிடித்து முழங்கை வரை ஒரு வாளியில் அமிழ்த்தினான். நயினார் இடது கையை இன்னொன்றில் அமிழ்த்தினான். இது இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது, சம்பந்தம் முடியும் நேரத்தில் நாம் எதற்கு மறுப்புச் சொல்ல வேண்டும் என்று கோலப்பன் கையை வாகாக நீட்டிக் கொடுத்தார். ஆவுடைச்செல்வி சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பில் சொல் வரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா நனைஞ்சிருச்சா மாமா?" என்று கேட்டான் பூதலிங்கம்.

"நனைஞ்சிருச்சு மாப்பிள்ளை" என்றார் கோலப்பன்.

நாலு பேரும் ஒதுங்கிப் போய்த் தாழ்ந்த குரலில் ஆலோசித்தார்கள். பெரிய மனுஷர் கையை ஈரத்தோடு விடுவது மரியாதை இல்லை என்று ஒருமனதாக முடிவானது.

ஆனிக் காற்று வீசிக்கொண்டிருந்த கொல்லையில், துணிக் கொடிக்குக் கீழே கோலப்பன் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். சட்டைக் கைகள் இரண்டிலும் கிளிப் போட்டிருந்தது. உள்ளே அவியல் ஆறிக்கொண்டிருந்தது. பூதலிங்கம் வெயிலை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான், மாமனாரின் புறங்கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மிகுந்த பணிவோடு சொன்னான்:

"இந்தப் பக்கம் காஞ்சிருச்சு மாமா. திரும்பி நில்லுங்க."